நானூற்றுப் பதின்மூன்று

திருப்பாப்புலியூர் மண்டபம்.
வரவேற்பு முடிந்தது, முகூர்த்தத்துக்கு இன்னும் நாலு மணி நேரம்.
ஜெனரேட்டர் சந்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி.
மாப்பிள்ளை வீட்டுக்கு கமாலுதீன்,
பெண் வீட்டுக்கு நான்,
வீடியோவுக்கு அஞ்சாபுலி.
கப்பில் பாயசம் ஆடை கட்டியிருந்தது.

கமாலுதீன்தான் ஆரம்பித்தார்.
மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம், செங்கல் கனம்,
ஃபிளாப்பியில் படம் விழும்.
ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ளே எதையோ மென்று விழுங்கும்,
விழுங்கி முடிக்கும்வரை
அடுத்த சிரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு
நிற்க வேண்டும் மாப்பிள்ளை.
நெல்லிக்குப்பம் நிக்காஹுக்கு
டிபன் கேரியர் நிறைய ஃபிளாப்பி.
நடுத்தட்டைத் திறந்த பண்டாரி கேட்டாராம்,
"இது எந்த ஊரு பிஸ்கோத்து, பாய்?"

அஞ்சாபுலிக்குச் சீட்டுப் பணத்தில் வந்தது.
நாலு பென்சில் செல், இருபது நிமிஷம்.
செல்லைக் கழற்றினால் தேதி மறந்துவிடும்,
போட்டால் மறுபடி இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
"மூணு வருஷம், சீலி,
நான் எடுத்த அத்தனை பேரும் ஒரே நாள்லதான் தாலி கட்டுனாங்க.
காதுகுத்தும் அன்னைக்கே.
கருமாதியும் அன்னைக்கே."
சிரித்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"தானே புயலப்போ," என்றார்.
ராமாபுரத்தில் முந்திரி அத்தனையும் மல்லாந்து கிடக்க
தெருக்காரர்களுக்காக எடுத்தது நாற்பத்தாறு படம்.
ஆபீசர் மூலையில் இருந்த ஆரஞ்சு எண்ணைத் தொட்டுக் காட்டினார்:
பதினோரு வருஷம் முன்னால் விழுந்த மரத்துக்கா நிவாரணம்?
ராத்திரி முழுக்க உட்கார்ந்து
ஊசியால் தேதியைச் சுரண்டினாராம், நாற்பத்தாறிலும்.
சுரண்டிய படம் செல்லாது என்று திரும்பி வந்தது.
அஞ்சாபுலி சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமி ஓடியது.

என் முறை.

புதுச்சேரி காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.
செருப்புக்கும் பிரஷர் குக்கர் மூடிக்கும் நடுவே கிடந்தது.
ஆயிரத்து நானூறு சொன்னான், ஆயிரத்து நூறு கொடுத்தேன்.
அங்கேயே நின்று அமுக்கினேன்.
திரையின் ஓரத்தில் எண்: 413.

ஒன்று என் கைக்கு வரவில்லை.
யாரோ நானூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்து முடித்த பிறகு
மிச்சம்தான் எனக்கு.

கார்டில் அவர் விட்டுப்போனவை பதினொன்று.
சாத்திய ஷட்டர். நாயின் காது மட்டும்.
ரயில் ஜன்னலில் ஆறோ வயலோ, தெரியவில்லை, இரண்டு.
மற்ற ஏழும் ஒரே பெண்,
நீல நைட்டி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.
ஏழிலும் கண் மூடியிருந்தாள்.

ஏழு முறை சொல்லியிருப்பார், இன்னொன்று, இன்னொன்று என்று.
பிறகு கேமராவை விற்றிருப்பார்.

கார்டில் ஒன்பது படத்துக்குத்தான் இடம்.
அழிக்கவில்லை என்றால்
எனக்குப் பெரிய மனசு என்று நினைப்பார்கள் இவர்கள்.
ஆறை அழித்தேன்.
ஒன்றை வைத்துக்கொண்டேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

"அப்ப 413 என்ன படம்?" என்றார் கமாலுதீன்.
சந்தைக்காரன் கை. என் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

நாலு வருஷம் கழித்து, தேவனாம்பட்டினத்தில் ஒரு வளைகாப்பு.
எண் 9999 தொட்டுத் திரும்பியது.
அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று கிடைத்தது:
வெளிச்சம் சரியா என்று பார்க்கச்
சும்மா அடித்த சுவர், ஒரு ஆணி.
பார்த்தேன், அழித்தேன்,
வளையல் பக்கம் திரும்பினேன்.

மேளக்காரர் உள்ளே சீவாளியை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.
எழுந்தோம். புதுக் கார்டைச் செருகினேன்,
எல்லாம் அழியும், சரியா என்றது,
சரி என்றேன்.
தன் புது மெஷினைத் தட்டிவிட்டு
அஞ்சாபுலி சந்து முழுக்கக் கேட்டார்,
"பன்னண்டு தாண்டிடுச்சில்ல?
அப்ப இன்னைக்குத் தேதி என்ன?"