வலப்பக்கப் பின்கதவு

பிரேக் பேட் நானூற்றிருபது ராண்ட்.
கூலி எண்ணூற்றைம்பது.
முஸி எழுதிக் கொடுத்த சீட்டை
நாலாய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
"நம்ம கை என்ன சும்மாவா இருக்கு?" என்றான் சாகரன்.
சும்மாதான் இருந்தது.
மார்ச் மாதத்திலிருந்து.

பத்தொன்பது வருஷம்
கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன்.
தெருவில் யார் வண்டி இருமினாலும்
இவனைத்தான் கூப்பிடுவார்கள்.
போவான். பானட்டைத் திறக்கச் சொல்வான்.
இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்ப்பான்.
"கராஜுக்குக் கொண்டுபோறதுதான் நல்லது" என்பான்.

எனக்கு மட்டும் தெரியும்,
பத்தொன்பது வருஷமும் அவன் பூட்டியது
வலப்பக்கப் பின்கதவு.
இரண்டு கீல், நாலு போல்ட்,
அடுத்த வண்டி.
எங்கள் வண்டியும் அங்கே பிறந்ததுதான்.
எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது.
அந்தக் கதவு மட்டும்
ஒரு விரல் பட்டால் சாத்திக்கொள்ளும்,
சத்தமில்லாமல்.

சாட்ஸ்வர்த்தில் எந்த வாசல் சமதரை?
சக்கரத்துக்குச் செங்கல் அண்டக் கொடுத்து
ஜாக்கி ஏற்றினான்.
மகளின் போனில் யாரோ பிரேசில்காரன்.
பேச்சு புரியாவிட்டால் என்ன, கை புரிகிறதே என்றான்.
கடல் உப்பு தின்ற முதல் நட்டு
அசையவில்லை.
ஸ்பேனர் முனையில் பைப்பைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றான், எண்பத்தாறு கிலோ.
கிரீச்சென்றது நட்டு.
அவன் முதுகும்.

ஞாயிறு மதியம் குரங்குகள் வந்தன.
துடைப்பத்தோடு வெளியே ஓடித் திரும்பினால்
"ஒரு கிளிப்பைக் காணோம்,
குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு" என்கிறான்.
குரங்கின் கையில் நான் பார்த்தது
ரொட்டி.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் வண்டி செங்கல்மேல்.
ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போனேன்,
போக வர ஐம்பத்திரண்டு.
நடுவில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினான்,
அறுநூற்றுத் தொண்ணூறு.
நைட் டூட்டியில் சார்ட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன்.
கூலியைவிட முந்நூற்றெட்டு ராண்ட் அதிகம்.
இன்றைக்குக் கேட்டே விடுவது.

விரலிடுக்கில் கிரீஸ் போகாமல்
கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
"உன் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல
என்ன இருக்கு, சொல்லு?
கம்பியா? சங்கிலியா?
ஒண்ணுமில்ல. கொஞ்சம் எண்ணெய்.
நீ மிதிக்கிறது அப்படியே போய்
அங்க பிடிக்குது."
மார்ச்சுக்குப் பிறகு
அவன் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் இது.
முந்நூற்றெட்டு ராண்டையும்
பருப்போடு விழுங்கிவிட்டேன்.

பத்தாம் நாள் மேட்டிலிருந்து இறங்கினேன்.
கீழே ரோபோ
(இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்)
சிவப்பு.
நடுங்கிக்கொண்டே மிதித்தேன்.
நின்றது.
ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
சக்கரத்துக்குள் ஒரு டக்டக்.

சாப்பாட்டு நேரத்தில் முஸியிடம் போனேன்.
சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து
நிறைய நேரம் பேசாமல் இருந்தான்.
"யார் செஞ்சது?"
"வீட்டுக்காரர்."
"ஒரு கிளிப் இல்லையே."
"குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு."
என் வாயில் அது உண்மைபோலவே வந்தது.
முஸி சிரிக்கவில்லை.
"எங்க வீட்டுப் பக்கமும் அப்படி ஒரு குரங்கு இருக்கு,"
புதுக் கிளிப்பை அழுத்தினான்.
"மத்தபடி பழுதில்ல.
நட்டெல்லாம் கச்சிதமான இறுக்கம்."
அறுபது ராண்ட்.
ரசீது வேண்டுமா என்றான்.
ஐயோ, வேண்டாம்.

ராத்திரி வண்டியைச் சுற்றி வந்தான்,
டயரைக் காலால் தட்டினான்.
"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"
"இல்லை."
"எப்படிக் கேக்கும்!"
வலப்பக்கப் பின்கதவைத் திறந்து
வெறுமனே ஒரு தரம் சாத்தினான்.
"அடுத்த வாரம் டைமிங் பெல்ட்."

உள்ளே வந்து
டாக்ஸிக்குச் சில்லறை எண்ணித்
தனியாக வைத்தேன்.