கால் சுற்று

சித்திரை மதியம், கோட்டூர்ச் சாலையில்
என் மேக்ஸ் ஹண்ட்ரட் ஏப்பம் விடும்.
காற்று இளகிப்போயிருக்கும், பெட்ரோல் அதே அளவு.
பிளக்கைக் கழற்றினால்
வடைச்சட்டியின் அடி மாதிரி கரி.
ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே.
திருப்புளி எப்போதும் சட்டைப்பையில்,
பேனாவுக்குப் பக்கத்தில்.

மார்கழியில் அதே கால் சுற்று உள்ளே.
விடியலில் சோக்கைத் தூக்கிப் பதினோரு உதை.
பன்னிரண்டாவதில்
தெரு முழுக்க நீலப் புகை.
எதிர்வீட்டில் கோலம் போடுகிறவள்
மாவுக் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள்.
ஒருநாளும் திட்டியதில்லை.
இருமுவாள், அதுவே போதும்.

ஆடியில் முத்துப்பேட்டைப் பக்கம் போய்வந்தால்
கார்புரேட்டரின் அலுமினியத்தில்
வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும்.
மெக்கானிக் பக்கீர் அதை நகத்தால் சுரண்டியபடி,
"சென்சார் வண்டி வாங்குங்க சார்,
காத்தை அதுவே பாத்துக்கும்" என்பார்.
தெரியும். எங்கள் டாக்டர் வாங்கிவிட்டார்.
ஒரு பொத்தான். அவருக்கு மாதங்களே கிடையாது.
எனக்கு மாதா மாதம் இரண்டு தவணை.

பின்சீட்டில் டியூபால் இறுக்கிக் கட்டிய குடுவை.
உள்ளே மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.
அதில் காளைகள் உறைந்து நிற்கின்றன,
ஸ்ட்ரா ஸ்ட்ராவாக.
எந்த மழையும் எந்த வெயிலும் அவற்றைத் தொடாது.
முன்னால், முழங்கால்களுக்கு இடையில்,
வானம் முனகினால் இருமுகிற இரும்பு.
நடுவில் நான், சினை ஊசிக்காரன்.

ஐப்பசி கடைசி வெள்ளி. வேம்பு போன் செய்தாள்:
"நேத்து ராத்திரியிலேர்ந்து கத்துது சார்,
கண்ணாடியாட்டம் ஒழுக்கு."
ராத்திரி கத்தினால் மறுநாள் மதியத்துக்குள்.
மணி பதினொன்று.
மழை, எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாத மழை.

பாமணியாற்றுப் பாலம் தாண்டி
வயலும் சாலையும் ஒரே மட்டமாய் நின்ற இடத்தில்
வண்டி இரண்டு தரம் விக்கியது.
நின்றது.
பிளக் மூடியைத் துடைத்தேன். பொறி வந்தது.
அப்படியானால் கீழே.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
மிதவைக் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி
உள்ளங்கையில் பிடித்தேன்.
பெட்ரோல் விரலிடுக்கில் சில்லென்று வழிந்தது.
குழியில் தங்கியது ஒரு சொட்டுத் தண்ணீர்,
கலக்காமல், உருண்டு,
யாரோ கொடுத்து வைத்த பொருள் மாதிரி.
சம்பா நாற்று முங்கக் கிடக்கிற இத்தனை தண்ணீரில்
என்னை நிறுத்த இவ்வளவு போதும்.

ஜெட்டை வாயில் வைத்து ஊதினேன். நாக்கு மரத்தது.
அரை மைல் ஓடியது. மறுபடி வடித்தேன்.
மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது:
டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து,
வானம் நேரடியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
குடுவைக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை உருவி
மூடிக்குக் கட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை.
பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.
இவன் யார் என்பது போல ஒரு பார்வை.
ஒழுக்கு கலங்கி வற்றியிருந்தது.
வேம்பு துண்டு கொடுத்தாள்,
நீட்டிய வேகத்தில் மிச்சமெல்லாம் இருந்தது.
"இன்னும் இருவத்தொரு நாள் தீனி
யாரு போடறது?"
குடுவையைத் திறக்காமலே கிளம்பினேன்.
முதல் உதையிலேயே பிடித்தது, சனியன்.

வீட்டில் விரல்விட்டு எண்ணினேன்.
கார்த்திகை மூன்றாம் வெள்ளி.
பனி விழத் தொடங்கியிருக்கும், இல்லை புயல் ஏதாவது.
கால் சுற்றா, அரைக்கால் சுற்றா,
அன்றைக்குக் காற்றை மோந்துதான் தெரியும்.
ரப்பருக்கு அறுபது ரூபாய்.

காலண்டரில் வட்டம் போட்டேன்.
கை ஈரம். மை ஊறி
அடுத்த இரண்டு நாளையும் தொட்டது.