வெறுங்கை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்.
ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு
வெறுங்கையோடு போகக் கூடாது.
அடுப்படிக்குப் போகிறவர் காலி டம்ளரை எடுத்துக்கொள்ளணும்.
கொல்லைக்குப் போகிறவர் ஈரத் துண்டை.
ராத்திரி ஒன்றுக்கு எழுந்தாலும்
காலில் தட்டும் பேப்பரை மடித்துக்
கட்டில் சேர்த்துவிட்டுத்தான்.

முப்பிடாதி போட்ட சட்டம்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
நாற்பது கட்டிலுக்கு ஒருத்தியாய்
ராவெல்லாம் நடக்கிறவள்,
காலுக்குக் கணக்கு வைத்திருக்கிறாள்.
“ரெண்டு நடைய ஒரு நடையாக்குனா
அது ஒரு வாய்க் காப்பி, பாத்துக்கிடுங்க.”

நான் பாபநாசம் வண்டிக் கண்டக்டர்.
சில்லறை தேடியே பாதி ஊரைக் கடந்தவன்.
என் பங்குக்குக் கத்தரிக்கோலைக்
கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
சிலிண்டர் மாற்றிய தேதியைக்
கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதினேன்.
கால் கிலோ சின்ன உள்ளி,
செய்தி தொடங்கும்போது தண்ணீரில் போட்டால்
வானிலை வரும்போது தோல் தானாகக் கழன்றுவிடும்.
நாலு நாள் குழம்புக்குக் கவலையில்லை.
கண்ணும் எரியாது.

நல்லதண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்,
விடியுமுன் ஐந்து மணிக்கு.
பிடித்தாகிவிட்டால் டிரம் மூடி கவிழ்ந்திருக்கும்.
பாக்கியென்றால் மல்லாந்திருக்கும்.
கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.
சனிக்கிழமை உளுந்தஞ்சோறு:
ஒரு குக்கர், தொட்டுக்க எள்ளுத் துவையல்,
கழுவ மூன்றே பாத்திரம்.
பயல் சிதம்பரவேல் மட்டும்
ஷூவுக்குள் இன்னும் ஒரு சாக்ஸ்தான் வைக்கிறான்.
மற்றது எங்கேயென்று அவனுக்கும் தெரியாது.

ஒருநாள் சேரன்மகாதேவியில் வண்டி நின்றபோது
டிக்கெட் முதுகில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன்.
பதினொரு நிமிடம்.
ஒரு நாளைக்குப் பதினொரு நிமிடம் மிச்சம்!
அதை வைத்து என்ன செய்கிறோம் என்று
அப்போது யோசிக்கவில்லை.
விசில் ஊதிவிட்டேன்.

அவள் வருவது எட்டேகால்.
நான் கிளம்புவது எட்டரை.
இடையில் நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம்
பெரும்பாலும் சாவி, பால், கரண்டு பில்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை.
பேட்டைத் தெருவில் கரண்டைக்கால் தண்ணீர்.
வந்தாள். செருப்பைச் செருப்பிடத்தில் விட்டாள்.
சாவியை ஆணியில் மாட்டினாள்.
பிறகு அடுப்படிக்கு வந்து நின்றாள்,
கையில் ஒன்றும் இல்லாமல்.
தூக்குச்சட்டி பைக்குள்ளேயே இருந்தது.
பை தோளிலேயே இருந்தது.
விரல்களில் டெட்டால் வாசம்.

நான் தோசையைத் திருப்பவில்லை.
அடுப்பை அணைத்தேன்.
“மூணாம் கட்டில்” என்றாள்.
“அந்தப் பிள்ளையா?”
தலையை ஆட்டினாள்.

கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம்.
நான் எதையும் உரிக்கவில்லை.
அவள் எதையும் மடிக்கவில்லை.
கல்லில் தோசை ஒரு பக்கம் மட்டும் வெந்து
மறுபக்கம் வெள்ளையாக ஆறிக் கிடந்தது.
என் கையும் சும்மாதான் இருந்தது.
அதில் அவள் கையை வைத்தாள்.
மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பதினொன்று போதவில்லை.
இருபதும் தாண்டியிருக்கும்.
அப்புறம் அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:
“மூடி மல்லாந்து கெடக்கே. இன்னைக்கித் தண்ணி வரலியா?”
“வந்துச்சி. மறந்துட்டேன்.”
“நல்லா மறந்திய, போங்க.”
எழுந்தவள் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டாள்.
நான் அவள் பையைத் தோளிலிருந்து கழற்றி
முன்னறைக்கு எடுத்துப் போனேன்.

நனைந்து ஓடிப் படியேறினேன்.
டிரைவர் தங்கத்துரை ஹாரனில் கை வைத்திருந்தார்.
“என்னவே, இம்புட்டு நேரம்?”
“சில்லறை மாத்தப் போயிருந்தேன்” என்றேன்.