தலையும் வாலும்

தார்த்துவில் நவம்பர். நாலு மணிக்கெல்லாம்
ஆற்றுப் பாலத்தில் விளக்கு எரிந்துவிட்டது.
உர்வே நாற்காலியை இழுத்துப் போட்டு
என் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாகக் கேட்டார்:
"என் தொப்பி எங்கே?"

சவுனாவில் போடும் கம்பளித் தொப்பி.
அவரே நனைத்து, அடித்து, ஆவி காட்டிச் செய்வது.
போன வருஷம் தேடினவர்களுக்கு
மூன்றாவதாகக் கண்ணில் பட்டது.
இப்போது மூன்றாம் பக்கத்தில்.
மூன்றாம் பக்கம் என்பது
யாரும் இறங்காத பேருந்து நிறுத்தம்.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரே தொப்பி. ஒரே சாம்பல் நிறம். ஒரே முப்பத்தெட்டு யூரோ.
முகவரி மட்டும் நாற்பத்தொன்று.

எல்லாம் ராக்னர் கட்டிவிட்ட வால்.
செவ்வாய்க்கிழமை மடலுக்கு ஒரு வால்,
அதே மடலின் கீழ்ப் பொத்தானுக்கு வேறொன்று,
விளம்பரத்துக்கு ஒன்று,
அது பலிக்காததால் போட்ட
இரண்டாம் விளம்பரத்துக்கு இன்னொன்று.
ஒவ்வொரு வாலும் கேள்விக்குறியில் தொடங்கும்:
எங்கிருந்து வந்தாய், யார் சொல்லி வந்தாய்.
"இது இல்லாட்டி எந்தக் காசு எங்கே போச்சுன்னு
எனக்குத் தெரியாது" என்றான்.
அதில் பொய் இல்லை.

ஆனால் ராத்திரி வந்துபோகும் தேடுபொறிச் சிலந்திக்கு
ஆளைப் பார்த்துப் பழக்கமில்லை,
கதவு எண்ணைப் பார்த்துத்தான் பழக்கம்.
நாற்பத்தொரு கதவைத் தட்டி
நாற்பத்தொரு தடவை அதே தொப்பியைப் பார்த்துக் களைத்து,
புதிதாக வைத்த கையுறைகளை எட்டிப் பாராமலே போனது.
ஹெல்சிங்கியில் ஒருத்தி புகழ்ந்து எழுதிய இணைப்பு ஒரு கதவில்,
ரீகாக்காரர் தந்தது இன்னொன்றில்.
ஒரே கல்யாணத்து மொய்யை
நாற்பத்தொரு நோட்டில் எழுதினால்
எந்த நோட்டும் தடிக்காது.

இதற்கென்றே ஒரு வரி உண்டு.
பக்கத்தின் தலைக்குள், பார்ப்பவர் பாராத இடத்தில்:
மூலம் இது, மற்றதெல்லாம் இதன் நகல்.
இருந்தது. நான்தான் எழுதினேன், இரண்டு வருஷம் முன்பு.
எந்த முகவரியில் கூப்பிட்டாலும்
அதையே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி,
வாலோடு.
நாற்பத்தொரு பேரும் நெஞ்சில் கைவைத்து
நானே அசல், நானே அசல்.
தலை இருக்க வால் ஆடலாமா என்பார்கள்.
இங்கே தலையே
வாலைப் பிடித்துக்கொண்டு ஆடியது.

இதை உர்வேயிடம் சொல்லி முடிக்க
ஒரு காப்பி ஆறும் நேரம் ஆயிற்று.
அவர் திட்டவில்லை. "சரி, வெட்டு" என்றார்,
கம்பளிக்குச் சொல்கிற அதே குரலில்.

கேள்விக்குறியோடு நறுக்கினேன்.
ராக்னரின் வால்கள் ராக்னரின் கணக்குக்கு இருக்கட்டும்,
தலை ஒரே பெயர் சொன்னால் போதும்.
அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை.
அந்த வரி உத்தரவு அல்ல, விண்ணப்பம்.
கேட்பதும் கேளாததும் அந்தப் பக்கத்தின் இஷ்டம்.

ஆறு உறைந்தது.
ஜனவரியில் பதினான்கு. பிறகு ஒன்பது.
ஏனென்று தெரியாமல் பதினொன்று.
பிப்ரவரி கடைசியில் ஐந்து.
அங்கேயே நின்றுவிட்டது.
மூன்றாவது இடத்தில் இப்போது வேறு யாருடைய தொப்பியோ.

மார்ச்சில் உர்வே ஒரு தபால் அட்டை கொண்டுவந்தார்.
கிஹ்னு தீவு. ஹெல்யு என்று கையெழுத்து.
இன்னொரு தொப்பி வேண்டும், கணவருக்குத் தலை பெரிது.
எந்தத் தொப்பியென்று குழம்பக் கூடாதென்று
முழு முகவரியையும் நீல மையில் எழுதியிருந்தார்,
சாய்கோடு, கேள்விக்குறி, சமக்குறி எதையும் விடாமல்,
இடம் போதாமல் அட்டையின் ஓரத்தில் திரும்பி ஏறி,
நாங்கள் என்றோ நிறுத்திவிட்ட
ஓர் இலையுதிர்கால மடலின் வால்.

ராக்னரிடம் காட்டினேன்.
எந்தக் கட்டத்தில் போடுவதென்று
அவனுக்குத் தெரியவில்லை.
அட்டை என் திரையோரம் ஒட்டியிருக்கிறது.
தொப்பி வியாழக்கிழமை போயிற்று,
இரண்டு விரல் அகலம் கூட்டி.