பானட்டைத் தூக்கியவன்

புளியரை தாண்டி மலை ஏறும் இரண்டாவது வளைவில்
மூன்றாம் முறையாக நின்றது.
தொண்ணூற்றெட்டாம் வருட மாருதி எண்ணூறு.
நிறம் வெள்ளை என்று
ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது.
தென்காசியில் கிளம்பினால் இங்கே வந்து சாகும்.
அரைமணி நேரம் சும்மா விட்டால்
ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தேன்.
அவ்வளவுதான்.
சீர்வரிசைத் தட்டைத் திறந்தால்கூட
இத்தனை தலை குனியாது.

சிமெண்ட் லாரி கோமதிநாயகம்
எட்டிப் பார்க்காமலே சொன்னார்: காயில்.
சூடானால் செத்துவிடும், ஆறினால் பிழைக்கும்.
அவருடைய அம்பாசடரில் அப்படித்தானாம்,
மாமனார் செத்த அன்றைக்கு,
வாசுதேவநல்லூருக்கு வெளியே,
மாலையோடு நடுரோட்டில்.

புனலூர் ஷாநவாஸ் ஜீப்பை ஓரங்கட்டினார்.
"காயில் அல்ல கேட்டோ. பம்பு."
ஈரத்துணி கேட்டார். என் துண்டைக் கொடுத்தேன்.
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுகிறமாதிரி
பெட்ரோல் பம்பின்மேல் போட்டார்.
அவர் ஜீப்பின் பம்பிலும் ஒரு துணி கிடந்தது,
பச்சைக் கட்டம் போட்டது.

வடகரை மசூது பிளக்கைக் கழற்றி முகர்ந்தார்.
பெட்ரோலில் தண்ணீர் என்றார்.
ஒரு பங்க்மேல் அவர் போட்ட கேஸ்
ஆறு வருஷமாக நடக்கிறது.

யாரும் என் வண்டியைப் பார்க்கவில்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.
அவரவர் வண்டிக்கு வந்த சீக்கை
என் வண்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள்.
குறையாகச் சொல்லவில்லை.
வேறு எதை வைத்துத் தேடுவது?

காயில் புதுசு. பம்பு புதுசு.
டேங்க்கைக் கழுவியாகிவிட்டது.
ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன்.
எனக்காக வெயிலில் நிற்கிறவரிடம்
அதெல்லாம் பார்த்தாச்சு என்பது
கொடுத்த மோரைக் கீழே கொட்டுவது மாதிரி.

ஆரியங்காவுக்குப் போகிற ஸ்கூட்டரை நிறுத்தி
ஒரு பெண் தள்ளி நின்றாள். லிசி.
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை,
நகக்கண்ணில் மட்டும் கிரீஸ்.
எஞ்சினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.
"இந்தக் கேடு வர்றதுக்கு முன்னே
கடைசியா எது மாத்தினது?"
ஒன்றும் இல்லை.
"ஒண்ணும்?"
ஒன்றும் இல்லை என்றேன்.
பிறகு,
பெட்ரோல் மூடி என்றேன்,
பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவில்.

சித்திரையில் எவனோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டான்.
பூட்டுப் போட்ட மூடி வாங்கினேன், நூற்றியெண்பது ரூபாய்.
எந்த வண்டிக்குரியது என்று கேட்கவில்லை.
திருடனுக்குப் பயந்து செய்ததை
வண்டிக்குச் செய்ததாக
நான் கணக்கு வைக்கவே இல்லை.

சாவியைத் திருகினேன்.
உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்,
முங்கி எழுந்தவன் இழுக்கிறதுபோல.
நாலு பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.
லிசி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஷாநவாஸ் துண்டைப் பிழிந்து திருப்பித் தந்தார்:
"பம்பும் கொறச்சு வீக்தான்."
காயிலையும் ஒருதரம் பாத்துக்கிடுங்க
என்றார் கோமதிநாயகம்.
பார்க்கிறேன் என்றேன்.
பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

ஐப்பசியில்,
கோட்டைவாசலுக்குக் கீழே நல்ல மழை.
ஒரு பழைய பியட் நின்றது.
பானட்டுக்குள் தலையை விட்டு ஒருவர் நனைந்துகொண்டிருந்தார்.
இறங்கி ஓடினேன்.
அவர் பெயரைக் கேட்பதற்குள்
என் வாய் முந்திக்கொண்டது:
பெட்ரோல் மூடியைத் திறங்க!

திறந்தார்.
உஸ் இல்லை, ஒன்றும் இல்லை.
திறந்த வாய்க்குள் மழைதான் விழுந்தது,
மசூது சொன்ன தண்ணீர்
இப்போது என் புண்ணியத்தில்.

அவசரமாகக் குடையை அதன்மேல் பிடித்தேன்.
என் முதுகு நனைந்தது.
கொஞ்சம் வெட்கம் ஆறியபின் கேட்டேன்,
கடைசியாக எதை மாற்றினீர்கள்?

ஒன்றும் மாற்றவில்லை என்றார்.

ஒண்ணும்?

லாரி ஒன்று சேறடித்துப் போனது.
அவர் என்னைப் பார்க்காமல்
ரேடியேட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.
நான் குடையோடு நின்றேன்.