தற்போதைய இருப்பிடம்

கஸ்தூரியார் வீதியில் பாதிக் கடைகளுக்கு
என் கை தெரியும், பெயர் தெரியாது.
அதனால்தானோ என்னவோ,
"நீங்கள் செய்தவற்றில் பத்தைக் கொண்டு வாருங்கள்" என்று
பயிற்சிக் கடிதத்தில் இருந்த வரியை
மூன்று தரம் வாசித்தேன்.

பத்து!
ஒன்றுகூட வீட்டில் தங்குவதில்லை.
முடித்த நிமிஷத்திலேயே அது அவர்களுடையது.
நிறுத்துக் கொடுத்து, சேதாரத்துக்கு வாதாடி,
கூலியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு
அடுத்ததற்கு உமியோட்டை ஊதுகிறவன் நான்.

லாச்சியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
பாரம் கூடிப்போய்த் திரும்பி வந்த இடது காதுச் சிமிக்கி.
கொக்கி கோணிய கைச்சங்கிலி.
அன்னம் என்று தொடங்கி
வாத்துக் கழுத்தோடு முடிந்த ஒரு பதக்கம்.
மாப்பிள்ளை மாறிவிட்டதால் ஆரும் வந்து எடுக்காத
எழுத்து வெட்டிய மோதிரம்.
நல்லதெல்லாம் உலகத்தில் நடமாட
பிழைகள் மட்டும் என்னோடு குடியிருந்திருக்கின்றன.

நல்லூரில் ஒரு மண்டபம், மூன்று நாள்,
பன்னிரண்டு பேர், முனகிக்கொண்டே சுற்றும் காத்தாடி.
சொல்லித்தர வந்தவள் ஆரணி, மட்டக்களப்புக்காரி.
வெள்ளைத் துணிக் கையுறை தந்தாள்.
இருபத்தாறு வருஷம் நெருப்போடு பழகிய விரல்களை
அதற்குள் நுழைத்து
நான் செய்ததை நானே
விருந்தாளி போலத் தொட்டேன்.
பிறகு அமிலமில்லாத தாள் தந்தாள்.
"நாங்கள் அமிலத்துக்குள்ளேயே வளர்ந்த ஆக்கள், பிள்ளை"
என்று தவயோகன் சிரித்தான்.
அவளும் சிரித்தாள்,
தாளைத் திருப்பி வாங்கவில்லை.

அளவுகோலை அருகில் வை, படமெடு.
நிறை எழுது. கல் எழுது. ஒட்டிய இடத்தை எழுது.
ஒட்டிய இடத்தையா?
பொடி வைத்து ஊதியது கண்ணில் படக்கூடாது
என்பதற்குத்தானே கூலி வாங்கினேன்!
ஒளித்த இடத்துக்கு அம்புக்குறி போடக்
கை கூசியது.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
தற்போதைய இருப்பிடம்.
அங்கேதான் மண்டபம் அடங்கிப்போனது.
என் கொப்பியில் அளவும் நிறையும் மட்டும் மிஞ்சிய
நூற்றேழு நகைகளுக்கு
என்ன எழுத?
ஸ்காபரோ. வங்கி அடைவு. மீட்காத அடைவு.
இடம்பெயர்ந்த இரவில் புளியமரத்தடியில் தாட்டது,
திரும்பி வந்தபோது மரத்தையே காணோம்.
நிரஞ்சலா எழும்பிச் சொன்னாள்,
"ஆரிட்டை இருக்குது எண்டு எழுதப்படாது.
கள்ளனும் வாசிப்பான்."
ஒரு மணித்தியாலம் வாதம், இரண்டு தேத்தண்ணி.
பெயர் வேண்டாம், குறியீடு போதும் என்று முடிந்தது.
"தெரியாது என்பதும் பதிவுதான்" என்றாள் ஆரணி.
அன்று பின்னேரம்
தொண்ணூற்றொரு தரம் தெரியாது என்று எழுதினேன்.
எழுத எழுதக் கையெழுத்துத் திருந்தியது.

கடைசி நாள் காட்சிக்கு ஆளுக்கு ஒன்று.
நான் வாத்தை வைத்தேன்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத்தான் சுற்றி நின்றார்கள்.
தவயோகனின் அட்டியலுக்கு முன்னால் ஆரும் இல்லை.
ஒரு கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை.

போன வெள்ளி
உடுவில் தாலிக்கொடிக்கு அரைப் பவுண் குறைந்தது.
விலை கேட்கவே நெஞ்சு அடைத்தது.
எண் நான்கை எடுத்தேன், அந்த மோதிரம்.
தாலிக்குப் பொன்னுருக்கியது வேறு,
இது கொடிக்கு மட்டும்தானே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
வராத மாப்பிள்ளையின் எழுத்தை
அளவுகோலோடு படமெடுத்து
மூசைக்குள் போட்டு வெங்காரம் தூவினேன்.
முன்பென்றால் அதோடு சரி.

உடுவில்காரருக்கு நான் சொல்லவில்லை.
கை கழுவி, பேனை எடுத்து,
எண் நான்கின் கடைசிக் கட்டத்தில்
தெரியாது என்பதை எழுத முடியாமல்
எழுதினேன்:
எண் நூற்றுப் பன்னிரண்டுக்குள்.