பார்ப்பவருக்கு நாற்பது நாள்

இரவு இரண்டு மணிக்கு
மலையுச்சிக்கு சூப் கொண்டுபோகும் வண்டி
முன்விளக்கு போடக் கூடாது.
தொலைநோக்கிக்குக் கண் கூசுமாம்.
நிகாசியா வில்கா நடைவேகத்தில் ஓட்டுகிறாள்
சாலையோர வெள்ளைக் கற்களை எண்ணியபடி.
நூற்றுப் பதினாறாவது கல்லில் வளைவு.
அட்டகாமாவின் இருட்டு அவ்வளவு சுத்தம்.

மேலே, டென்மார்க்கிலிருந்து வந்த டோர்பென்
திரையில் ஒரு புள்ளியைக் காட்டுகிறான்.
வெடித்துப்போன நட்சத்திரம்.
சூரியன் என்று ஒன்று இல்லாதபோது கிளம்பிய வெளிச்சம்
போன செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தது.
"இந்த வகை இருபது நாளில் மங்கிவிடும்.
இது மட்டும் நாற்பது நாள் எடுக்கும்."
"பெரிய நட்சத்திரமோ?"
"இல்லை. தூரம்தான்."

கடுகுப் புட்டியையும் உப்புப் புட்டியையும்
மேசையில் நகர்த்துகிறான்.
கலாமாவிலிருந்து இரண்டு பேருந்துகள்.
இருபது நிமிட இடைவெளி.
யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை
யாரும் காபிக்கு நிறுத்தவில்லை.
சாலைதான் வளர்கிறது
முன்னதற்கும் பின்னதற்கும் நடுவிலுள்ள தாரும் சேர்ந்து.
வந்து சேரும்போது நாற்பது நிமிடம்.
அவ்வளவுதான், என்கிறான்.

"இந்தக் கரண்டியும் வளருமா?"
"வளராது. தன்னைத்தானே
இறுகப் பிடித்திருப்பது எதுவும் விரியாது."
"அங்கேயே இருந்தவர்களுக்கு?"
"அங்கே இருபது நாள்தான்."
அவள் கிண்ணங்களை அடுக்குகிறாள்.

ஃபெர்மினுக்கு மூன்று வாரம் என்றார்
அந்தோஃபகாஸ்தா ஆஸ்பத்திரியில் டாக்டர்.
மூன்று வாரம்தான் ஆனது.
சுரங்கக் கம்பெனியின் தாளிலும் இருபத்தொன்று என்றே இருக்கிறது.
நுரையீரலில் கல்தூள்.
அதற்குள் சாயங்காலமா, என்று கேட்பான்
ஒவ்வொரு சாயங்காலமும்.
அவளுக்கோ
ஓர் இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில்
ஓர் அறை கட்டிக் குடிபோகலாம்,
ஜன்னல் வைக்கலாம்,
ஜன்னலுக்குத் திரை தைக்கலாம்.
இறுகத்தான் பிடித்திருந்தாள் கையை.
அந்த இருபத்தொரு நாளில்
அவள் இன்னும் பதினான்கோ பதினைந்தோதான்
கடந்திருக்கிறாள்.

அவளுடைய அய்மாரா மொழியில்
நய்ரா என்றால் கண்.
நடந்து முடிந்ததும் நய்ராதான்.
கண்ணெதிரே இருப்பது நேற்று,
நாளை முதுகுக்குப் பின்னால்.
டோர்பென் இதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.
எனக்கு அப்படியொன்றும் தூக்கிவாரிப்போடவில்லை.
முன்னொரு காலத்தில் என்கிறோம்,
பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.
எந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு
இதையெல்லாம் சொன்னோம் என்று
யாரும் நம்மைக் கேட்டதில்லை.

டோர்பென் நாற்பது இரவுகள் கேட்டிருந்தான்.
குழு முப்பதுதான் கொடுத்தது.
"பத்து நாள் சாவு பாக்கி" என்று
சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டு,
பெட்டியில் சட்டைகளைத் திணித்தான்.
முப்பத்தோராம் இரவு
குவிமாடம் வேறு பக்கம் திரும்பியது.
அங்கே ஏதோ ஒரு தூசி மேகம்,
அதற்கொரு பெல்ஜியக்காரி.

நூற்றுப் பதினாறாவது கல்லில்
நிகாசியா எஞ்சினை அணைக்கிறாள்.
டோர்பென் கை நீட்டிக் காட்டிய திசை நினைவிருக்கிறது.
அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை,
ஒருபோதும் இருந்ததும் இல்லை.
ஆனாலும் மங்கிக்கொண்டிருக்கிறது.
யாராவது உடனிருக்க வேண்டும் அல்லவா
கடைசிப் பத்து நாளுக்காவது.
கதவைத் திறந்துவைத்து நிற்கிறாள்.
காற்று பூஜ்யத்துக்குக் கீழே.
அங்கே எப்போதோ முடிந்துவிட்டது,
அது அவளுக்குத் தெரியும்.
பானையின் மூடியோரம் ஆவி
முதலில் தடித்து, பிறகு நூலாகி, நிற்கிறது.

சூப் ஆறிப்போயிற்று என்று
மேலே யாராவது முணுமுணுப்பார்கள்.
முணுமுணுக்கட்டும்.